காலி இடத்துக்கு வந்த கணக்குப்பிள்ளை!

பழைய கம்ப்யூட்டருக்குத் துணை மூளை வைப்பது எப்படி?

அது ஒரு மண்டிக்கடை. முதலாளி கெட்டிக்காரர். சரக்கைப் பார்த்து வாங்குவார். விலை பேசுவார். வண்டியை நேரத்தோடு அனுப்புவார். ஆனால் கணக்கு என்று வந்தால் மட்டும் அவருக்கு விரல் விட்டு எண்ணத்தான் தெரியும்!

அவருக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டிருக்கிறது. கணக்குப்பிள்ளைக்காகப் போட்ட மேசை. ஆனால் மேசை காலியாக இருக்கிறது. கணக்குப்பிள்ளையை இன்னும் வேலைக்கு வைக்கவில்லை!

இப்படியும் ஒரு கடை உண்டா என்று கேட்கலாம். கடை உண்டோ இல்லையோ, இப்படி ஒரு கம்ப்யூட்டர் உண்டு. ஒன்றல்ல, லட்சக்கணக்கில் உண்டு!

1981-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி ஒரு புதிய கம்ப்யூட்டரை அறிவித்தது. "ஐ.பி.எம். பி.சி." என்பது அதன் பெயர். இன்றைய மேசைக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பாட்டன் இதுதான்.

விலை குறைந்த ரகத்துக்கு 1,565 டாலர். அதை வீட்டில் உள்ள டெலிவிஷன் பெட்டியோடு இணைத்துக் கொள்ளலாம். பாட்டுக் கேட்கும் டேப் ரிக்கார்டரை இணைத்து, கேசட்டில் தகவல்களைப் பதிந்து வைக்கலாம். அதனால் கம்பெனி ஆபீசுக்கு மட்டும் அல்லாமல் வீட்டுக்கும் வந்தது அந்தக் கம்ப்யூட்டர்.

அதன் மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு பெரிய பச்சை நிறப் பலகை தெரியும். அதில் கறுப்பு நிறத்தில், மரவட்டை போல இரு பக்கமும் கால்கள் உள்ள சில்லுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றில் ஒன்றுதான் கம்ப்யூட்டரின் மூளை. அதன் பெயர் 8088. இன்டெல் கம்பெனி செய்தது.

அந்த மூளைக்குப் பக்கத்தில் 40 துளைகளோடு ஒரு காலி இடம்! கடையிலிருந்து வாங்கி வரும்போதே அது காலி. பலர் வீட்டில் கடைசி வரை அது காலியாகவே இருந்துவிட்டது.

அந்த இடம் யாருக்காக?

அது 8087 என்ற சில்லுக்காக விடப்பட்ட இடம். கணக்குப் போடுவதற்கென்றே பிறந்த சில்லு அது. "கணிதத் துணைச் சில்லு" என்று அதைச் சொல்லலாம்.

கம்ப்யூட்டருக்கே கணக்கு வராதா?

"கம்ப்யூட்டர் என்றாலே கணக்குப் போடும் பொறிதானே? அதற்கு எதற்குக் கணக்குப்பிள்ளை?"

நியாயமான கேள்வி!

8088-க்குக் கூட்டல் தெரியும். கழித்தல் தெரியும். பெருக்கல், வகுத்தலும் தெரியும். ஆனால் முழு எண்களில் மட்டும்தான்! அதுவும் ஒரே மூச்சில் அது கையாளும் எண் 65,535-க்கு மேல் போகாது.

மூன்றரை என்றால் அதற்குத் தெரியாது. ஒன்றுக்குக் கீழே பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்றால் தெரியாது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் போன்ற பெரிய எண்ணும் தெரியாது. வர்க்கமூலம் என்றால் அடியோடு தெரியாது!

பிறகு எப்படி அந்தக் கம்ப்யூட்டர் வட்டிக் கணக்கும் கட்டடக் கணக்கும் போட்டது?

சுற்றி வளைத்துத்தான்! தசமக் கணக்கு ஒன்று வந்தால், அதைச் சின்னச் சின்ன முழு எண் கணக்குகளாக உடைக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். பிறகு ஒட்ட வைக்க வேண்டும். ஒரே ஒரு தசமப் பெருக்கலுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்க வேண்டும். முதலாளி விரல் விட்டு எண்ணுவது என்பது இதுதான்.

8087-க்கு இந்தச் சிரமம் இல்லை. "இந்த எண்ணுக்கு வர்க்கமூலம் என்ன?" என்று கேட்டால் ஒரே கட்டளையில் சொல்லிவிடும். அதற்குள் எட்டு இழுப்பறைகள் உண்டு. ஒவ்வொரு இழுப்பறையிலும் ஒரு எண்ணை வைத்துக் கொண்டு கணக்குப் போடும். வட்டக் கணக்குக்கு வேண்டிய "பை" என்ற எண்கூட அதற்கு மனப்பாடம்!

எவ்வளவு வேகம்?

இன்டெல் கம்பெனியே இதற்கு ஒரு பட்டியல் கொடுத்தது. வினாடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் கிடைப்பது ஒரு "மைக்ரோ வினாடி". ஒரு வர்க்கமூலம் கண்டுபிடிக்க, துணை இல்லாத மூளைக்கு 19,600 மைக்ரோ வினாடி ஆகும். அதையே 8087 செய்தால் 36 மைக்ரோ வினாடி!

இதை வீட்டுக் கணக்காகப் பார்க்கலாம். ஒரு லட்சம் வர்க்கமூலங்கள் வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூளை தனியாகப் போட்டால் 32 நிமிடத்துக்கு மேல் ஆகும். அடுப்பில் உலை வைத்து, அரிசி போட்டு, சோறு வடித்துவிடலாம்! கணக்குப்பிள்ளை போட்டால் நாலு வினாடிகூட ஆகாது. உலை மூடியை எடுப்பதற்குள் விடை வந்துவிடும்.

எல்லாக் கணக்கிலும் இவ்வளவு லாபம் இல்லை. கூட்டல், பெருக்கலில் சுமார் நூறு மடங்கு. கடிதம் அடிப்பது, பெயர்ப் பட்டியல் தேடுவது போன்ற வேலையில் ஒரு லாபமும் இல்லை. அவற்றில் தசமக் கணக்கே கிடையாதே!

பெரிய முதலாளியா, பெரிய கணக்குப்பிள்ளையா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு.

8088 மூளைக்குள் சுமார் 29,000 டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன சுவிட்சுகள் அவை. துணைக்கு வந்த 8087-க்குள்ளோ சுமார் 40,000! முதலாளியைவிடக் கணக்குப்பிள்ளை பெரிய ஆள்!

அத்தனையையும் நகத்தளவு சில்லில் அடக்க இஞ்சினீயர்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. சாதாரணமாக, சில்லுக்குள் ஓர் அறையில் ஒரு குறிதான் எழுதுவார்கள். இதில் இடம் போதவில்லை. அதனால் நாலு வேறு அளவுகளில் டிரான்சிஸ்டர் செய்து, ஓர் அறையில் இரண்டு குறிகளை எழுதினார்கள்!

இந்தச் சில்லைச் செய்யும் வேலை 1977-ம் ஆண்டு தொடங்கியது. புரூஸ் ராவெனல், ஜான் பாமர் என்ற இருவர் இதன் அமைப்பை வகுத்தார்கள். பாமர் கணித நிபுணர். சில்லை உருவாக்கும் வேலை இஸ்ரேல் நாட்டில் ஹைபா நகரில் நடந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் ராபி நாவே. 1980-ம் ஆண்டு சில்லு வெளிவந்தது.

"இதை யார் வாங்கப் போகிறார்கள்? விற்காது!" என்று கம்பெனிக்குள்ளேயே சிலர் சந்தேகப்பட்டார்கள்.

பாமர் அசரவில்லை. "எனக்குச் சம்பளமே வேண்டாம். எத்தனை விற்கும் என்று நீங்கள் எண்ணுகிறீர்களோ அதை எழுதி வையுங்கள். அதற்கு மேல் விற்கும் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு டாலர் மட்டும் கொடுங்கள்!" என்கிற பொருளில் சவால் விட்டாராம். கம்பெனி அதற்கு ஒப்புக் கொள்ளவில்லை. ஒப்புக் கொண்டிருந்தால் பாமர் பிறகு வேலைக்கே போக வேண்டியிருந்திராது! இந்தக் கதையைச் சொன்னவர் பேராசிரியர் வில்லியம் காஹன்.

பேராசிரியரின் பிடிவாதம்

யார் இந்தக் காஹன்?

அமெரிக்காவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். கம்ப்யூட்டர் போடும் கணக்கில் தப்பு எங்கே நுழைகிறது என்பதையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். இன்டெல் கம்பெனி அவரிடம் யோசனை கேட்டது.

அந்தக் காலத்தில் ஒரு கம்பெனிக் கம்ப்யூட்டரில் போட்ட கணக்கை வேறு கம்பெனிக் கம்ப்யூட்டரில் போட்டால் விடை மாறும்! ஒன்று ஒரு விதமாகக் கடைசி இலக்கத்தை வெட்டும். இன்னொன்று வேறு விதமாக வெட்டும்.

"கடைசி இலக்கம்தானே! போனால் போகட்டும்" என்று நினைக்கலாம். அப்படி நினைத்ததால் வந்த வினை ஒன்றைக் கேளுங்கள்.

கனடா நாட்டில் வான்கூவர் நகரின் பங்கு மார்க்கெட்டில் 1982-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு விலைக் குறியீட்டு எண்ணைத் தொடங்கினார்கள். தொடக்க எண் 1,000. பங்கு கை மாறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அதைத் திருத்தி எழுதும். மூன்று தசம இலக்கத்துக்கு மேல் இருப்பதை வெட்டி எறிந்துவிடும். கால் பைசாவுக்கும் காணாத துண்டு!

ஆனால் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை வெட்டியது. இருபத்திரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், எண் சுமார் 524-க்கு இறங்கியிருந்தது! மார்க்கெட்டோ நன்றாகவே நடந்து கொண்டிருந்தது. சரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது உண்மையான எண் 1,098-க்கும் மேலே இருந்தது.

சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள். சிறு துளி ஒழுகினால் குடமே காலி!

இதனால்தான் காஹன் பிடிவாதம் பிடித்தார். "இந்தச் சில்லை வாங்குகிறவர்கள் கணித நிபுணர்கள் அல்ல. சாதாரண ஜனங்கள். கணக்கில் தப்பு எங்கே நுழையும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவர் போட்டாலும் விடை நம்பத் தக்கதாக இருக்க வேண்டும்!" என்பது அவர் கருத்து.

அதற்கு என்ன வழி? நமக்கு வேண்டிய விடை 15 இலக்கம் என்றால், உள்ளே கணக்குப் போடும்போது சுமார் 19 இலக்கம் வரை வைத்துக் கொள்வது! தையற்காரர் மடிப்புக்கு என்று கொஞ்சம் துணி கூடுதலாக விடுவது போல. நடுவில் கொஞ்சம் தேய்ந்தாலும் நமக்கு வேண்டிய அளவு குறையாது.

இந்த முறைகளே பிறகு விரிவடைந்து 1985-ம் ஆண்டு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான விதி ஆயிற்று. அதற்காகக் காஹனுக்கு 1989-ம் ஆண்டு டூரிங் விருது கிடைத்தது. கம்ப்யூட்டர் துறைக்கு அது நோபல் பரிசு போன்றது.

இருவரும் எப்படிச் சேர்ந்து உழைக்கிறார்கள்?

கம்ப்யூட்டருக்குள் கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்து கொண்டே இருக்கும். 8088 அவற்றைப் படிக்கும்போது, 8087-ம் பக்கத்தில் இருந்து அதே கட்டளைகளைக் கவனித்துக் கொண்டே இருக்கும்.

"இது முதலாளி வேலை. இதுவும் முதலாளி வேலை" என்று பேசாமல் இருக்கும். கணக்குக் கட்டளைகளுக்கு மட்டும் தலைப்பில் ஒரு தனி அடையாளம் உண்டு. அதைக் கண்டதும், "இது என் வேலை!" என்று எடுத்துக் கொள்ளும்.

கணக்குப்பிள்ளை கணக்குப் போடும்போது முதலாளி சும்மா நிற்க வேண்டியதில்லை. வேறு வேலை இருந்தால் பார்க்கலாம். விடை வேண்டும்போது, "முடிந்துவிட்டதா?" என்று காத்திருந்து வாங்கிக் கொள்ளலாம்.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. 8086, 8088 என்ற இரண்டு மூளைகளுக்கும் 8087 துணை இருக்கும். இரண்டுக்கும் நடை வேறு. சுவிட்சைப் போட்டதும், பக்கத்தில் இருப்பது எந்த மூளை என்று 8087 தானே கண்டு கொண்டு, அதற்கு ஏற்ப நடந்து கொள்ளும்!

இப்போது பொருத்தலாம்

நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட இந்தக் கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து, தூசி தட்டி, மறுபடியும் ஓட வைப்பவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்தக் காலி இடம்தான். "இதையும் நிரப்பிவிடலாமே!" என்ற ஆசை வருவது இயற்கை.

சரி, எப்படிப் பொருத்துவது?

முதலில் சரியான சில்லை வாங்க வேண்டும். ஐ.பி.எம். பி.சி.யின் வேகம் 4.77 மெகாஹெர்ட்சு. சாதாரண 8087 சில்லு 5 மெகாஹெர்ட்சு வரை ஓடும். அது போதும். "8087-2" என்று எழுதியிருந்தால் 8 மெகாஹெர்ட்சு. அதையும் போடலாம். ஆனால் 80287 என்ற சில்லைப் போடக் கூடாது. அதற்கும் 40 கால்தான். பார்க்கவும் இதே போல்தான் இருக்கும். ஆனால் அது வேறு மூளைக்குத் துணை!

பிறகு, கம்ப்யூட்டரை நிறுத்தினால் மட்டும் போதாது. மின்சார ஒயரையே சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். மின்சாரம் தரும் வெள்ளிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. அது ஆபத்து.

சில்லைத் தொடும் முன் கம்ப்யூட்டரின் இரும்புக் கூட்டை ஒரு தடவை தொட வேண்டும். ஏன்? நைலான் துணி உடுத்தி நடந்தால் உடம்பில் நமக்குத் தெரியாமலே மின்சாரம் சேரும். நமக்கு அது ஒரு சுருக்கென்ற உணர்ச்சி. சில்லுக்கோ அது இடி!

புதுச் சில்லின் கால்கள் கொஞ்சம் அகன்று இருக்கும். துளையில் நேராக இறங்காது. சில்லைப் பக்கவாட்டில் பிடித்து, ஒரு வரிசைக் கால்கள் முழுவதையும் மேசைமேல் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். பிறகு மறு வரிசை. அவசரம் கூடாது. ஒவ்வொரு காலாக வளைக்கவும் கூடாது.

சில்லின் ஒரு முனையில் சின்னப் பள்ளம் ஒன்று வெட்டியிருக்கும். பக்கத்தில் இருக்கும் 8088-க்கும் அதே பள்ளம் உண்டு. இரண்டு பள்ளமும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டிச் சுவிட்சைப் போட்டால் சில்லின் கதை முடிந்தது!

40 கால்களும் 40 துளைக்கு நேரே நிற்கின்றனவா என்று பார்த்த பிறகு, இரண்டு முனையிலும் சமமாக அழுத்தினால் உட்கார்ந்துவிடும்.

வேலை முடிந்ததா? இல்லை!

"ஆப்" என்றால் "ஆள் இருக்கிறது"!

பலரும் ஏமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது.

பலகைமேல் தீப்பெட்டியைவிடச் சின்னதாக இரண்டு சுவிட்சுப் பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எட்டு குட்டிச் சுவிட்சுகள். கம்ப்யூட்டருக்குள் என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று அதற்குச் சொல்பவை இவைதான். முதல் பெட்டியில் உள்ள இரண்டாவது சுவிட்சு 8087-க்கு உரியது.

புதிதாகப் பொருத்துகிறவர் என்ன நினைப்பார்? "சில்லை வைத்துவிட்டோம். ஆகவே சுவிட்சை 'ஆன்' செய்ய வேண்டும்" என்று நினைப்பார். அங்கேதான் தப்பு! இந்தக் கம்ப்யூட்டரில் "ஆன்" என்றால் சில்லு இல்லை என்று பொருள். "ஆப்" என்றால்தான் சில்லு இருக்கிறது என்று பொருள்!

இந்தச் சுவிட்சைத் தள்ளாவிட்டால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் தன் குறிப்பேட்டில் "கணக்குப்பிள்ளை இல்லை" என்று எழுதிக் கொள்ளும். அந்தக் குறிப்பேட்டை நம்பும் புரோகிராம்கள் 8087-ஐக் கூப்பிடவே மாட்டா. பக்கத்தில் ஆளை வைத்துக் கொண்டே முதலாளி விரல் விட்டு எண்ணிக் கொண்டிருப்பார்!

இன்னொன்றும் உண்டு. பூஜ்யத்தால் வகுக்கச் சொல்வது போன்ற ஆகாத கணக்கு வந்தால் 8087 குரல் கொடுக்கும். அந்தக் குரல் 8088-ன் காதுக்குப் போகும் வழியைத் திறப்பதும் இதே சுவிட்சுதான். சுவிட்சு தப்பாக இருந்தால், கணக்குப்பிள்ளை "ஐயா, இது தப்பு!" என்று கத்தினாலும் முதலாளிக்குக் கேட்காது.

ஒரு சின்ன சுவிட்சுக்கு எவ்வளவு பொறுப்பு!

கூப்பிடாமல் வரமாட்டார்!

சில்லு உட்கார்ந்தது. சுவிட்சும் சரி. ஆனாலும் கம்ப்யூட்டரில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை! பணம் வீணா?

இல்லை. மூன்றாவது காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஓடுகிற புரோகிராம் 8087-ஐக் கூப்பிட வேண்டும். அதைக் கூப்பிடும் கட்டளைகள் புரோகிராமுக்குள் எழுதியிருந்தால்தான் அது வேலை செய்யும்.

உதாரணம் பாருங்கள். கணக்குப் பட்டியல் போட உதவும் "லோட்டஸ் 1-2-3" என்ற புரோகிராம் 1983-ம் ஆண்டு வந்தது. முதலில் வந்த அதற்கு 8087-ஐத் தெரியாது. 1985-ல் வந்த இரண்டாம் பதிப்புக்குத் தெரியும்.

"டர்போ பாஸ்கல்" என்ற புரோகிராம் எழுதும் கருவியின் மூன்றாம் பதிப்பில், சாதாரணக் கம்ப்யூட்டருக்கு ஒன்று, 8087 உள்ள கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று தனித் தனியாக இருந்தது. கட்டடப் படம் வரையும் "ஆட்டோகேட்" 1987-ம் ஆண்டு வந்த ஒன்பதாம் பதிப்பில், "கணிதத் துணைச் சில்லு இல்லாவிட்டால் ஓடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டது!

ஆகவே மூன்று காரியம் நடக்க வேண்டும். ஆளை உட்கார வைக்க வேண்டும். ஆள் வந்திருப்பதை வீட்டுக்குச் சொல்ல வேண்டும். வேலை வரும்போது ஆளைக் கூப்பிட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மேசை காலியாக இருப்பதும் ஒன்றுதான், நிறைந்திருப்பதும் ஒன்றுதான்.

அப்படியும் பேசாவிட்டால்?

எல்லாம் செய்தும் "சில்லைக் காணோம்" என்று புரோகிராம் சொல்வது உண்டு. மனம் தளர வேண்டியதில்லை. பெரும்பாலும் காரணம் சின்னதாகத்தான் இருக்கும்.

முதலில் மறுபடியும் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கால்களைப் பார்க்க வேண்டும். ஒரு கால் துளைக்குள் போகாமல் சில்லின் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும்! மேலே இருந்து பார்த்தால் எல்லாக் காலும் இறங்கியது போலவே தெரியும். சில்லை மெல்ல நெம்பி எடுத்து, மடங்கிய காலை நிமிர்த்திப் போட வேண்டும். ஒரே காலைப் பல தடவை வளைத்தால் ஒடிந்துவிடும்.

கால்கள் சரி என்றால், துளைகளைப் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டு காலியாகக் கிடந்த துளையில் களிம்பும் தூசியும் இருக்காதா? சில்லை இரண்டு மூன்று தடவை எடுத்து மாட்டினாலே உரசி உரசித் துளை சுத்தமாகிவிடுவது உண்டு.

மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரர்! மிகப் பழைய 8088 சில்லு சிலவற்றில், வேலை நடுவே குறுக்கீடு வந்தால் தடுமாறும் குறை இருந்தது. 8087-ஐச் சேர்த்தால் குறுக்கீடுகள் கூடும். அதனால்தான் ஐ.பி.எம். விற்ற துணைச் சில்லுப் பெட்டியில் 8087-ஓடு புதிய 8088 ஒன்றையும் ஜோடியாக வைத்துக் கொடுத்தார்கள். "1978" என்று மட்டும் பொறித்த 8088 இருந்தால் அதையும் மாற்றுவது நல்லது.

கடைசியாக, வாங்கிய சில்லே போலியாக இருக்கலாம். மேலே உள்ள எழுத்தை அழித்து வேறு எண் அச்சிட்டு விற்பவர்களும் உலகில் உண்டு!

சில்லு உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சுலபமான கேள்வி ஒன்று உண்டு. "புதிதாகத் தொடங்கு" என்று 8087-க்குக் கட்டளை கொடுத்து, பிறகு "உன் குறிப்பைக் காட்டு" என்று கேட்க வேண்டும். ஆள் இருந்தால் எப்போதும் ஒரே மாதிரியான குறிப்பை எழுதிக் காட்டும். ஆள் இல்லாவிட்டால் எழுதக் கொடுத்த இடம் அப்படியே இருக்கும். அந்தக் காலத்துப் புரோகிராம்கள் பல இப்படித்தான் விசாரித்தன.

விடை வந்தது!

இரண்டின் வர்க்கமூலம் என்ன என்று கேட்டுப் பார்த்தால் போதும். 1.41421356237309505 என்று விடை வந்து நிற்கும். அதே கேள்வியை ஆயிரம் தடவை கேட்டாலும் கண் மூடித் திறப்பதற்குள் முடியும்.

சிறிது நேரம் ஓடிய பிறகு சில்லைத் தொட்டால் சுடும். அதுவும் நல்ல அடையாளம்தான். கணக்குப்பிள்ளை வேலை செய்கிறார்!

8087-க்குப் பிறகு 80287, 80387 என்று தம்பிகள் வந்தார்கள். 1989-ம் ஆண்டு வந்த 80486 சில்லில் முதலாளியும் கணக்குப்பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் குடியேறினார்கள். தனி மேசை தேவைப்படவில்லை.

ஒரே வீட்டுக்குள் வந்த பிறகும் எச்சரிக்கை தேவைப்பட்டது. 1994-ம் ஆண்டு, இன்டெல்லின் பென்டியம் சில்லு சில வகுத்தல்களைத் தப்பாகப் போடுகிறது என்று தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். வந்ததோ 1.33373! சில்லுக்குள் இருந்த வாய்பாட்டில் ஐந்து கட்டங்கள் விட்டுப் போனதுதான் காரணம். அதைச் சரி செய்ய இன்டெல் ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர்!

நாலாவது தசமத்தில் விழுந்த ஓட்டைக்கு அவ்வளவு விலை. காஹன் பிடித்த பிடிவாதம் வீண் அல்ல என்று உலகம் அன்று தெரிந்து கொண்டது.

இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்குள்ளும் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். படம் காட்டுவதும், வழி சொல்வதும், வட்டி போடுவதும் அவர் உதவியால்தான். 1985-ம் ஆண்டு வந்த அதே விதிக் குடும்பத்தின்படிதான் அவர் கணக்குப் போடுகிறார். யாரும் அவருக்கு மேசை போட வேண்டியதில்லை. சுவிட்சு தள்ள வேண்டியதில்லை. அதனால் அவர் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

பழைய கம்ப்யூட்டரைத் திறந்து, 40 கால்களை நேராக்கி, குட்டிச் சுவிட்சை "ஆப்" பக்கம் தள்ளி, வர்க்கமூலத்துக்கு விடை வாங்குகிறவருக்கு மட்டும் அவரை நேரில் தெரியும்!